அஞ்சலை யார் என்று கேட்டிருந்தாய்

சுந்தரம்,

உனக்கும் கமலாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. ஒவ்வொரு கடிதத்திலும் "நான் சௌக்கியம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். இந்தத் தடவை அந்த ஒரு வரியைத்தான் நீட்டி எழுதப் போகிறேன். ஆபீஸ் அவசரத்தில் இதைப் பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. கமலாவுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாலும் சரிதான்.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. திருக்கழுக்குன்றத்து வீட்டை விற்றுவிட்டு டில்லிக்கே வந்துவிடு என்பது ஒன்று. அதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். குவார்ட்டர்ஸில் எனக்கென்று ஒதுக்கப் போகும் அறை, வாங்கி வைத்திருக்கும் கம்பளி, அடுத்த பிளாக்கில் இருக்கும் தமிழ்க் குடும்பம் என்று எதையும் விடவில்லை. இன்னொன்றை, கடைசிப் பக்கத்தில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாய். "சித்தப்பா எழுதியிருந்தார். அந்த அஞ்சலை யார்?" சின்ன வயசிலிருந்தே உன் வழக்கம் இதுதான். கேட்க வேண்டியதைக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டுதான் கேட்பாய். அதனால் அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். டில்லியைப் பற்றிய பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

கிணற்றடியில் நான் விழுந்தது அடைமழை நாளில். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கியது. தொடையில் ஏதோ முறிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் என்னைக் கிடத்தி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தந்தி கிடைத்ததும் நீ ஓடி வந்தாய். லீவு தீரும்வரை என் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினாய். தலை வாரிவிட்டாய். பிள்ளைகள் செய்யக் கூச்சப்படும் வேலையெல்லாம் கூச்சமில்லாமல் செய்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் வராந்தாவில் நின்று நீயும் சித்தப்பாவும் பேசியதும் எனக்குக் கேட்டது. "இனிமே அம்மாவால நடக்க முடியாது. படுத்த படுக்கையாத்தான் வச்சுப் பாத்துக்கணும்" என்றாய். "வயசாயிடுச்சு, இனிமே எலும்பு எங்கேர்ந்து கூடப் போவுது" என்றார் அவர். இரண்டு பேரும் என்மேல் உள்ள பிரியத்தில்தான் பேசினீர்கள். கேட்டுக்கொண்டே படுத்திருந்த நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். டாக்டர் என்னிடம் வேறு விதமாகச் சொல்லியிருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், மாசக்கணக்கில் ஆகும், ஆனால் கூடிவிடும் என்றார். டாக்டர் சொன்னது மனசில் நிற்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் நின்றது. உனக்கு ஒன்று சொல்கிறேன், கமலாவின் அம்மா உங்களோடு வந்து தங்கும்போது நினைவில் வைத்துக்கொள். வயசானவர்களைப் பற்றி அடுத்த அறையில் பேசும்போது குரலைத் தாழ்த்தினால் மட்டும் போதாது. எங்களுக்குக் கண் மங்கினாலும் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் நன்றாகக் கேட்கும்.

நீ ரயிலேறிய பிறகுதான் அந்த வார்டை நான் சரியாகப் பார்த்தேன். செய்யூர், சதுரங்கப்பட்டினம், மகாபலிபுரம் என்று ஜில்லாவின் பல மூலைகளிலிருந்தும் வந்த கிழவிகள் அங்கே கிடந்தார்கள். ஒருத்திக்கு யானைக்கால். இன்னொருத்திக்கு மூச்சிரைப்பு. கதவோரக் கட்டிலில் இருந்தவளுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, தட்டில் இருக்கும் சோற்றைத் தடவித்தான் எடுத்தாள். "ஏன் முன்னாலேயே வரவில்லை" என்று அவளிடம் கேட்டேன். "நாத்து நடவு முடியட்டும்னாங்க. அப்பால அறுப்பு முடியட்டும்னாங்க. கூட்டிகினு வர ஆளு வோணாமா" என்றாள். அவள் யாரையும் குறை சொல்லவில்லை. மழை வரவில்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். பாதிப் பேர் கதை அதுதான். வியாதி பெரிசில்லை, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவர ஆள் இல்லை.

என் பக்கத்துக் கட்டில்தான் அஞ்சலை. மகாபலிபுரத்துக் குப்பத்துக்காரி. புருஷன் கடலோடு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சந்தைக்கே நடந்து வந்து விற்றவள். நங்கூரக் கம்பி கீறி, காலில் புண் ஆறாமல் போய், விரல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அவளுக்கு அக்கா மகள் ஒருத்தி ஒரு நாள் தூக்குவாளியில் மீன் குழம்பு கொண்டுவந்தாள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினேன். திரும்பக்கூட முடியாது, கால் கயிற்றில் தொங்குகிறது. முகத்தை மட்டும் திருப்பினேன்.

"இன்னா, மூக்க மூடிக்கினு கீற?" என்றாள் அஞ்சலை. "ஒன் மருந்து நாத்தத்த நான் ராவும் பகலும் மோந்துகினு கீறேன். நான் எதுனா சொன்னனா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த வார்டில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எல்லோரும் "பாவம்", "பாவம்" என்றுதான் பேசினார்கள். சாயங்காலம் வரை யோசித்துப் பார்த்ததில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருந்து நாற்றம் உண்மைதான். அன்றிலிருந்து நாங்கள் பேச ஆரம்பித்தோம். நான் பேப்பர் படித்துச் சொல்வேன். அவள் கடலைப் பற்றிச் சொல்வாள். பஸ் ஏறினால் போய்விடக் கூடிய தூரத்தில் வாழ்ந்திருந்தும், மாசி மகத்துக்குத் தலை நனைக்கப் போனதைத் தவிர எனக்கும் கடலுக்கும் சம்பந்தமே இருந்ததில்லை.

எதிர்க் கட்டிலில் பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே தொடை எலும்புதான். அவளுடைய பெண்கள் மாற்றி மாற்றி வந்து அருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். எடையைக் கழற்றிய பிறகும் புரண்டு படுக்கக்கூட விடமாட்டார்கள். "அசையாதேம்மா, அசையாதேம்மா" என்பார்கள். டாக்டர் கோபித்துக்கொண்டார். நர்ஸம்மா மன்றாடினாள். முதுகில் புண் வந்தது. பிறகு சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு காலை நேரம் அவளைத் துணியால் மூடிக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண்கள் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே என்றுதான் அழுதார்கள். வைக்கவில்லைதான்.

எடையைக் கழற்றிவிட்டு, இனி எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, நான் மாட்டேன் என்றேன். பயம். விழுந்தபோது கேட்ட சத்தம் திரும்பவும் கேட்டுவிடுமோ என்று பயம். நாளைக்கு ஆகட்டும் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அஞ்சலை தன் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

"எயுந்திரு யக்கா."

"முடியாது அஞ்சலை. விழுந்துடுவேன்."

"வுயுந்தா இன்னா? ஆஸ்பத்திரிலதான் கீற. தோ டாக்டரு, தோ நர்ஸம்மா. வுயுறதுக்கு இத வுட நல்ல எடம் எங்க கீது?"

வார்டே சிரித்தது. நர்ஸம்மா ஒரு பக்கம், அஞ்சலை ஒரு பக்கம். நான் நின்றேன். வலியில் கண்ணீர் கொட்டியது. எத்தனையோ நாட்களுக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே ஏரியின் தண்ணீரைப் பார்த்தேன். படுத்திருந்தவரை ஜன்னலில் வெறும் வானம்தான் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு, முதலில் கதவு வரைக்கும், பிறகு வராந்தாக் கோடி வரைக்கும் போனேன். அஞ்சலைக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது மருந்தைத் துப்பிவிடாமல் குடிக்கவைத்தது நான்தான். ஆகையால் உதவி ஒரு பக்கமாக மட்டும் நடந்தது என்று நினைத்துவிடாதே.

அஞ்சலையை வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று. யாரும் வரவில்லை. நான் கட்டையை ஊன்றிக்கொண்டு அவளிடம் போனேன்.

"உன் பிள்ளை எப்போ வரான்?"

"வரமாட்டான் யக்கா." அவள் குரலில் அழுகை இல்லை. "போன மாசமே வந்து சொல்லிட்டுதான் போனான். வலையெல்லாம் தூக்கிகினு காசிமேட்டுப் பக்கம் போறானாம். அங்கதான் தொயில் நல்லா கீதாம். பொண்டாட்டி வூட்டோட ஒரே குடிசைல ஒண்டிக்கினு கீறான். நான் போனா எங்க படுப்பேன்? நைனா, நீ போ, நான் பாத்துக்கறேன்னு நான்தான் சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு இங்கே உட்கார்ந்திருக்கே?"

"இன்னா பண்றதுன்னு ரோசன பண்ணிகினு கீறேன்."

நர்ஸம்மாவும் சங்கடத்தில் நின்றாள். கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. ஆதரவற்றவர்களை வைத்துக்கொள்ளும் விடுதிக்கு எழுதிப் பார்க்கலாம் என்றாள். நான் அப்போது யோசித்து முடிவு பண்ணினேன் என்று சொன்னால் பொய். வாயில் வந்துவிட்டது. "என்னோடு வா அஞ்சலை. எனக்கும் இன்னும் ரெண்டு நாளில் விடுதலை. வீட்டில் நானும் தனியாகத்தான் இருக்கப் போறேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க வூட்ல கவுச்சி ஆவாதே. மீனில்லாம எனுக்கு சோறு எறங்காது. இப்பவே சொல்லிட்டேன், அப்பால பேஜாரு பண்ணக்கூடாது."

சுந்தரம், நிற்க நிழல் இல்லாத ஒருத்தி மீனுக்காகப் பேரம் பேசினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கையேந்தி வருகிறவளாக அவள் வந்திருந்தால், ஒரு மாசத்தில் நான் எஜமானியாகவும் அவள் வேலைக்காரியாகவும் ஆகியிருப்போம். தோட்டத்துக் கொட்டகையில் தனி அடுப்பு போட்டுக்கொள், அங்கே நீ எதை வேண்டுமானாலும் கொதிக்கவை, காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் நான் மூக்கை மூடிக்கொள்வேன், நீ ஒன்றும் சொல்லக்கூடாது என்றேன். சரி என்றாள். அந்த இரண்டு நாளும் வராந்தாவிலேயே படுத்துக்கொண்டாள். அப்படித்தான் அவள் நம் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா உனக்கு எழுதியதில் இந்தப் பேரம் இருந்திருக்காது.

சித்தப்பா வாசலில் நின்றே கேட்டார். "கருவாடு விக்கிறவளை நடு வீட்டில் வச்சிருக்கீங்களே அண்ணி, நாலு பேர் என்ன சொல்வாங்க?" நான் பதில் சொன்னேன். "அந்த நாலு பேரும் நான் விழுந்தப்போ வண்டி பிடிச்சாங்க, அதுக்கு நன்றி. ராத்திரி நான் எழுந்திருக்கும்போது கை கொடுக்க அவங்க வரமாட்டாங்களே தம்பி." அவர் அதற்குப் பிறகு நம் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. இன்றைக்கும்தான். ஆனால் வாரம் தவறாமல் வாசலில் வந்து நின்று, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவரை நான் கோபிக்கவில்லை, நீயும் கோபிக்காதே. அவரால் முடிந்தது வாசல் வரைக்கும்.

எதிர்வீட்டு ராஜம்மாள் கதை வேறு. நம் கிணற்றில்தான் எப்போதும் தண்ணீர் எடுப்பாள். அஞ்சலை வந்தபின் நிறுத்திவிட்டுக் குளத்துக்குப் போனாள். அவளுக்குக் கண் மங்கிப்போயிருந்தது, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. குளத்துப் படியில் இரண்டு தடவை தடுக்கி விழப்பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் நம் கிணற்றுக்கே திரும்ப வந்தாள். வாளி கிணற்றுச் சுவரில் இடித்து இடித்து, பாதித் தண்ணீர் சிந்தி மேலே வந்தது. அஞ்சலை போய் அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடித்தாள். ராஜம்மாள் கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். "கண்ணு தெரியலன்னு சொல்ல வேண்டிதுதான?" என்றாள் அஞ்சலை. "சொன்னா, அடுப்புக்கிட்ட போகாதேன்னு மூலைல உக்கார வச்சுடுவாங்க" என்றாள் ராஜம்மாள்.

நானும் அஞ்சலையும் அவளைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். நொண்டிக்கொண்டு இரண்டு பேர், நடுவில் கண் தெரியாதவள் ஒருத்தி. கண்டக்டர் எங்களைப் பார்த்து வாயைத் திறந்தவன், அஞ்சலையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. ராஜம்மாள் தடித்த கண்ணாடியோடு வீடு திரும்பியதும் முதலில் சொன்னது, "உன் வீட்டுச் சுவர்ல இவ்ளோ காரை பேந்திருக்கே, யாரும் சொல்லவே இல்லையே" என்பது. இப்போது யாருக்காவது அம்மாவையோ மாமியாரையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் நம் வாசலுக்குத்தான் வருகிறார்கள். எங்கே சீட்டு வாங்குவது, எந்த வாசலில் நிற்பது, டாக்டரிடம் எதை மறைக்காமல் சொல்வது என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நாங்கள் மூன்று பேரும் மலையைச் சுற்றி நடக்கிறோம். முதலில் என்னால் பாதிதான் முடிந்தது. இப்போது முழுதும் சுற்றி வருகிறேன். போன கார்த்திகையிலிருந்து கட்டையும் இல்லை, ஒரு கைத்தடி மட்டும்தான். எங்களைப் பார்த்து இன்னும் சில பேர் சேர்ந்துகொண்டார்கள். வழி நெடுக ஓயாத பேச்சு. வீட்டு மருமகள்களுக்கெல்லாம் அந்த நேரம் நிம்மதி என்று கேள்வி.

இந்தத் தை மாசம் அஞ்சலையின் பிள்ளை வந்தான். கரிய, மெலிந்த பையன், வாசலிலேயே நின்றான். காசிமேட்டில் தனிக் குடிசை போட்டுவிட்டானாம். குழந்தை பிறந்திருக்கிறதாம். "வூட்டுக்கு வாம்மா" என்றான். போகாதே என்ற வார்த்தை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பெற்ற பிள்ளை கூப்பிடுகிறான், பேரக் குழந்தை இருக்கிறது, நான் யார் நடுவில்? அவள் கூடையில் துணியை அடுக்கிக்கொண்டு போனாள். பஸ் திரும்பும்வரை என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

சமாளித்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ராஜம்மாள் வந்தாள், நடை நிற்கவில்லை, சமைத்தேன், சாப்பிட்டேன். ஆனால் வீடு முழுக்கச் சுத்தமான காற்று. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாசி முடிவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். மலைக்கோயிலில் கழுகு வந்து சோறு தின்றுவிட்டுப் போன மத்தியான நேரம், மலைக்குப் போன கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே தலையில் கூடையோடு வந்தாள். பிள்ளையோடு சண்டையா என்று கேட்டேன்.

"சண்டயா? நல்ல புள்ள யக்கா அவன். மருமவளும் தங்கமாத்தான் வச்சிருந்தா. கொயந்தய கொஞ்சிகினு கெடந்தேன்." கூடையை இறக்கினாள். "ஆனா அங்க நான் ஆயா. அவ்ளோதான். எல்லாரும் தொயிலுக்குப் போனா கொயந்தயும் நானும். இங்க எனுக்கு சந்தை கீது, ராஜம்மா கீறா, நீ கீற. ஆடிக்கு ஒரு தபா, பொங்கலுக்கு ஒரு தபா வரேன்னு சொல்லிட்டு வந்தேன். அவனே பஸ்ல ஏத்தி வுட்டான்."

அதைக் கேட்டபோதே உனக்கு எழுத வேண்டிய பதில் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டை விற்கவில்லை சுந்தரம். நீ ஒதுக்கியிருக்கும் அறை நல்ல அறையாகத்தான் இருக்கும், கமலாவும் என்னைத் தங்கமாகத்தான் வைத்துக்கொள்வாள். ஆனால் நீ ஆபீஸ் போனபின் அந்த அறையில் நான் உன் அம்மாவாக மட்டும் இருப்பேன். இங்கே நான் இன்னும் பல பேருக்குப் பல விதமாக இருக்கிறேன். உன்மேல் உள்ள பிரியம் குறைந்து இப்படி எழுதுகிறேன் என்று மட்டும் நினைக்காதே. உடம்பு முடியாமல் போகும் காலம் ஒன்று வரும். அன்றைக்கு நானே எழுதிக் கூப்பிடுவேன், வீம்பு பண்ணமாட்டேன். அந்தக் காலம் இப்போது இல்லை. அதற்கு முன்னால் நீ என்னைத் தூக்கி மூலையில் உட்காரவைக்க அவசரப்படாதே.

ஆனால் குழந்தையைப் பார்க்காமல் இருக்க முடியாது. சித்திரை பிறந்ததும் வருகிறேன், ஒரு மாசம் தங்குகிறேன். தனியாக அவ்வளவு தூரம் வர என்னால் ஆகாது. அஞ்சலை துணைக்கு வருகிறாள். மெட்ராஸைத் தாண்டி ரயிலில் போனதில்லை என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வேலைக்காரி என்று அவளை யாரிடமும் அறிமுகப்படுத்தாதே. எனக்குப் போடும் இடத்திலேயே அவளுக்கும் இலை போட வேண்டும். மீன் விஷயத்தில் அவள் ஒரு மாசம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், ஆகையால் அவள் பக்கத்து விட்டுக்கொடுத்தல் முடிந்துவிட்டது. மீதி உங்கள் பக்கம். கமலாவோடு கலந்து பேசு, அவசரமில்லை. ஒத்துவராது என்று தோன்றினால் அப்படியே எழுது, நான் வருத்தப்படமாட்டேன், நீங்கள் மூன்று பேரும் இங்கே வாருங்கள். ஒத்துவரும் என்றால், கீழ் பெர்த்தாகப் பார்த்து இரண்டு டிக்கெட் எடு.

உன் அம்மா